கீர்த்தனைக்காரர் திருப்பதிக்கு வந்த வருஷம்

ஒரு பாட்டுக் கேட்பதற்காகச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ரயிலேறிப் போனோம் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்களுக்கும் எண்பதை ஒட்டிய வயது. பாட்டைக் கட்டியவர் எங்கோ தூரத்தில் இருப்பார், அவர் வாயால் அதைக் கேட்கவேண்டுமானால் நாம்தான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும் என்றிருந்த காலம் உங்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. எனக்குப் பத்து வயது. மிஷன் காம்பவுண்டுக்குள் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர். நைனா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் கோயிலில் காலையில் தெலுங்கு ஆராதனை நடக்கும். அது முடிந்து அவர்கள் வெளியே வர, தமிழ்க்காரர்கள் நாங்கள் உள்ளே போவோம். இரண்டு ஆராதனைக்கும் நடுவில் படிக்கட்டில் நின்று இரண்டு பாஷையிலும் ஊர்க்கதை பேசுவதுதான் எனக்கு ஆராதனையைவிடப் பிடிக்கும்.

கீர்த்தனைக்காரர் என்று நாங்கள் சொன்னவர் தெற்கே ஏதோ ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். பாட்டையும் அவரே எழுதி, மெட்டையும் அவரே போட்டு, ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரே பாடுவார். காவி நிற அட்டை போட்ட அவருடைய பாட்டுப் புத்தகம் காம்பவுண்டில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. மற்றப் பாட்டுகளில் எல்லாரும் சிங்காசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் பாட்டில் தண்ணீர் சேந்துவார்கள், மாவரைப்பார்கள், காணாமல்போன காசைத் தேடி வீட்டைப் பெருக்குவார்கள். கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு:

‘குடத்தை வைத்துவிட்டுப் போனாளே – அவள்
கூப்பிட்ட குரலொன்று கேட்டதாலே.’

நாங்கள் பாண்டி ஆடினாலும் அதைப் பாடித்தான் ஆடுவோம். அம்மா தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் ‘கு’வையும் ‘கூ’வையும் அதைப் பாடித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அம்மாவுக்கு அந்தப் பாட்டுகள் மேல் இருந்தது சாதாரண ஆசை இல்லை. அடுப்பு ஊதும்போதும் காவி அட்டை பக்கத்தில் இருக்கும். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவின் பங்களாவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே தாமரைப்பூ மாதிரி வாய் விரிந்த கிராமபோன் ஒன்று இருந்தது. கீர்த்தனைக்காரரின் இசைத்தட்டு ஒன்றே ஒன்றும் இருந்தது. அதைப் போட்டதும் மற்றவர்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்து கேட்பார்கள். அம்மா மட்டும் எழுந்துபோய்ப் பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, தட்டு சுற்றி முடிகிறவரை நிற்பாள்.

“டீச்சரம்மாவுக்குப் பாட்டுக்காரர் மேல பைத்தியம்,” என்று பெண்கள் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் காம்பவுண்டில் சொன்ன பேச்சு எந்தச் சுவரைத் தாண்டாது? நைனாவின் காதுக்கும் போயிற்று.

நைனா கெட்டவர் இல்லை. கொஞ்சம் ரோஷக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இந்தாமே, தண்ணி,” என்பார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருப்பாள். இரண்டாவது தரமும் கூப்பிடுவார். அப்புறம் தானே போய்ச் செம்பில் மொண்டு குடித்துவிட்டு, செம்பை வேண்டுமென்றே சத்தமாக வைப்பார். “படிச்ச பொம்பளைன்னு திமிரு. கூப்ட்டா திரும்பறாளா பாரு,” என்று என்னிடம் சொல்வார். நான் தலையாட்டுவேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எனக்கும் சொந்தமாக ஒரு கோபம் இருந்தது. அந்த மாங்காய்க் காலத் தொடக்கத்தில் பங்களாவுக்குப் பின்னாலிருந்த மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்தேன். முழங்கை பிசகிவிட்டது. “அம்மா, அம்மா” என்று கத்தினேன். இருபது அடிக்கு அப்பால் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. முதுகு என் பக்கம். ஒரு புடவையை நீளமாக உதறி, நான்காக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த புடவைக்குக் கை நீட்டினாள். தோட்டக்காரர்தான் ஓடிவந்து என்னைத் தூக்கினார். அன்றைக்கு முழுவதும் அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் அழுகையின் மேல் நம்பிக்கை வரவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விடுகிற சமயம் பெரிய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தலைவி அவர்கள்தான். குடை இல்லாமல் நான் அவர்களைப் பார்த்ததில்லை. அம்மா கொல்லையில் இருந்தாள்.

“நான் பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே பின்னாடி வரேன், இவங்க பாட்டுக்குப் போய்க்கினே இருக்காங்க. பசங்க எதிர்ல எனக்கு இன்னா மரியாதை, நீங்களே சொல்லுங்க கம்பவுண்டரய்யா,” என்றார்கள்.

நைனா, “மன்னிச்சிக்கோங்கம்மா,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் வீட்டில் பேசவில்லை.

அந்த இரண்டு நாள் முடிந்ததும் ரோஸ் காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. கீர்த்தனைக்காரர் ரயிலில் நெல்லூர்ப் பக்கம் போகிறார். வழியில் திருப்பதியில் ஒரு நாள் தங்கி, அங்கே மிஷன் காம்பவுண்டில் மத்தியானம் மூன்று மணிக்குப் பாடுவார். சித்தூரில் இறங்க நேரமில்லையாம்.

அம்மா நோட்டீஸை நைனாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “போய்ட்டு வரட்டா?”

“ஒருத்தன் பாட்றான்னு பொம்பளை திருப்பதி வரிக்கும் போவாளா? ஊர்ல ஏற்கெனவே என்னா பேசறாங்கன்னு தெரியுமா உனக்கு?”

அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு மறுபடி இந்தப் பக்கம் எப்போ வருவாரோ,” என்றாள். “அப்போ நான்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் செத்துப்போவதைப் பற்றித்தான் சொல்லவருகிறாள் என்று நினைத்து நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நைனா கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. நைனா காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அம்மா புளிசோறு கட்டினாள். சிலேட்டில் ஒரு வரி எழுதி அடுப்படியில் சாய்த்து வைத்தாள். நான் படித்தேன்: ‘கீர்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறோம். சாயங்கால ரயிலுக்கு வந்துவிடுவோம். சோறு உறியில் இருக்கிறது.’ நைனாவைக் கேட்காமல் அம்மா ஒரு காரியம் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைப் புடவையை உடுத்தியிருந்தாள். கொசுவத்தை இரண்டு தரம் பிரித்துச் சரிசெய்தாள்.

ரயிலில் நெரிசல். திருமலைக்குப் போகிறவர்கள்தான் எல்லாரும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நகரும்போது ‘கோவிந்தா’ என்று பெட்டியே அதிரும். அம்மாவும் நானும் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தோம். எதிரே மஞ்சள் புடவைக்கார அம்மாள் ஒருத்தி, மடியில் ஒரு குழந்தையோடு. முடியிறக்கப்போகிற குழந்தை, தலை நிறையச் சுருட்டை. பாகாலா தாண்டியதும் அந்த அம்மாள், எங்கே போகிறீர்கள் என்று தெலுங்கில் அம்மாவைக் கேட்டாள்:

“எக்கடிகம்மா போதாரு?”

அம்மா வெளியே ஓடுகிற பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருப்பதிகே,” என்று நான் சொன்னேன்.

அவள் மறுபடியும் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. குழந்தை வீறிட்டு அழுதது. பெட்டியில் எல்லாரும் திரும்பினார்கள், அம்மா திரும்பவில்லை. மஞ்சள் புடவைக்காரி அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டாள்:

“மீ அம்மக்கு செவுடா பாப்பா?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “காது! காது!” என்று கத்தினேன். தெலுங்கில் ‘காது’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். இரண்டு தரம் கத்திய பிறகுதான் தமிழில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். திருப்பதி வருகிறவரை நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் போனோம். தெருவெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி வெயிலில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தன. மிஷன் காம்பவுண்டில் தென்னங்கீற்றுப் பந்தல்; அதற்குப் பக்கத்தில் பெரிய புளியமரம். கூட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அம்மா நேராகப் போய் மேடைக்கு எதிரே முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். சோற்றையும் அங்கேயே அவிழ்த்தாள். பந்தலைப் பார்த்துக்கொண்ட ஐயரம்மா, அந்த ஊர்ப் போதகரின் மனைவி, “மரத்தடியில நிழலா இருக்கு, வாங்களேன்,” என்று கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை.

கீர்த்தனைக்காரர் வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பாட்டை வைத்து நான் ஆறடி உயரத்தில் ஒருவரைக் கட்டி வைத்திருந்தேன். வந்தவர் குள்ளம். ஒட்டிய கன்னம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பி இல்லை, நூல் கட்டியிருந்தது. சளி பிடித்திருந்தது வேறு. தோள் துண்டால் மூக்கைத் துடைத்தார், பிறகு அந்தத் துண்டின் மறுமுனையால் ஆர்மோனியத்தைத் துடைத்தார். மேடை என்பது முழங்கால் உயரப் பலகைகள்தான். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துருத்தியை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, முன்னுரை ஒன்றும் இல்லாமல் ஆரம்பித்தார்.

இசைத்தட்டில் கேட்ட குரல் இல்லை அது. கரகரப்பு. ஆனால் தட்டில் மூன்று நிமிஷத்துக்குள் ஓடி முடிகிற பாட்டை அவர் இங்கே அவசரமில்லாமல் பாடினார். ஒரு வரியைப் பாடிவிட்டு, யாரோ வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்லக் காத்திருப்பவர் மாதிரி நிறுத்துவார். பிறகு அதே வரியை வேறு மாதிரி பாடுவார். நடுவில் கதை சொல்வார். “இந்தப் பாட்டு எங்க ஊர்க் குளத்தங்கரையில, எருமை குளிப்பாட்டும்போது வந்துச்சு,” என்பார். அங்கிருந்த போதகர் அதைத் தெலுங்கில் சொல்ல, தெலுங்குக்காரர்கள் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார்கள். எனக்கு ஏமாற்றமெல்லாம் போய்விட்டது. நாங்கள் பாண்டியாட்டத்தில் பாடிய பாட்டுகளை எருமை குளிப்பாட்டியபடி செய்த மனிதர் என் எதிரில் இரண்டு முழத் தூரத்தில் இருக்கிறார் என்று நினைக்க நினைக்க உள்ளங்கை வேர்த்தது.

குடத்துப் பாட்டை ஆரம்பித்தார். கூட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டு, அவ்வளவு சந்தோஷமாகப் பாடினாள். பாட்டு முடிந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டை மெல்லிசாக எடுத்தார். எல்லாரும் அமைதியாகிக் கேட்டார்கள்.

அம்மா நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி குடத்துப் பாட்டின் மூன்றாவது சரணத்தை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் பாடுவது ஒரு பாட்டு, அம்மா பாடுவது வேறொரு பாட்டு. பின்னால் யாரோ களுக்கென்றார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. “எவர்ரா ஆமெ?”, யாரடா அவள் என்று தெலுங்கில் ஒரு குரல் கேட்டது. ஐயரம்மா குனிந்து ஓடிவந்து அம்மாவின் தோளைத் தொட்டார்கள்.

அப்போது நான் செய்ததை எழுபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பாயில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அம்மாவிடமிருந்து தள்ளி, பக்கத்திலிருந்த வேறொரு குடும்பத்தோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவள் என் அம்மா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

தோளில் கை பட்டதும் அம்மா கண்ணைத் திறந்தாள். சிரிக்கிற முகங்களைப் பார்த்தாள். என் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். வாய் பாதி வார்த்தையில் நின்றது.

கீர்த்தனைக்காரர் பாடுவதை நிறுத்திவிட்டிருந்தார். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் பிடித்து, பலகையில் கிறீச்சிடத் தள்ளி, மேடையின் விளிம்புக்குக் கொண்டுவந்தார். அம்மா கை நீட்டினால் எட்டும். அவளைப் பார்த்து, பெட்டியின் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அம்மா தயங்கித் தயங்கி உள்ளங்கையை அதில் வைத்தாள். அவர் தன் புதுப்பாட்டை விட்டுவிட்டு, அம்மா விட்ட சரணத்தை, விட்ட வார்த்தையிலிருந்து எடுத்தார். வாயைப் பெரிதாகத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்தே பாடினார். அம்மா அவர் வாயைப் பார்த்து, பெட்டியின் அதிர்வைப் பிடித்துக்கொண்டு, கூடவே பாடினாள். பந்தலில் ஒருவர் சிரிக்கவில்லை.

கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்தது. ஐயரம்மா அம்மாவைப் புளியமரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தார்கள். நான் தூணோரம் நின்றேன். கீர்த்தனைக்காரர் என்னிடம் வந்தார்.

“ஏ பிள்ள, நீ அந்த அம்மா மகதான? அம்மைக்கு எப்ப இருந்து காது கேக்க மாட்டக்கு?”

எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது: செம்பு, கிராமபோன் பெட்டி, பெரிய டீச்சர், மாமரம். தேம்பி அழுதேன். அவர் துண்டை நீட்டினார்; சளித்துண்டு என்று நினைவு வந்தும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

அம்மா எங்களைப் பார்த்து எழுந்தாள். காவி அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளையைப் புதரடியில் விட்டுவிட்டு விலகி உட்கார்ந்த, வேதத்தில் வரும் ஆகாரைப் பற்றிய பாட்டு. மேலே ‘மெட்டு: புதிது’ என்று மட்டும் போட்டிருந்தது. அதனால் எங்கள் ஊரில் யாருக்கும் அதைப் பாடத் தெரியாது.

“ஐயா, இது எனக்கு மெட்டு தெரியாது. வலது காது போய்டுச்சி. இடது காதுல இன்னும் கொஞ்சூண்டு இருக்குது. கிட்டக்கப் பாடனா கேக்கும்,” என்றாள். கெஞ்சவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டாள். அம்மா யாரிடமும் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

அவர் ஐயரம்மாவைப் பார்த்தார். ஐயரம்மா அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து, தாமும் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். கீர்த்தனைக்காரர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, குனிந்து, அம்மாவின் இடது காதருகில் பாடத் தொடங்கினார்:

‘அம்பு பாயும் தூரத்திலே
அமர்ந்தாளே ஒரு தாய்…’

அந்த நேரம் பார்த்து நான் பந்தல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நைனா நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் சோற்றுக்கு வந்தவர் சிலேட்டைப் படித்துவிட்டு, கரிபஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வேட்டி, மீசை எல்லாம் கரி. கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மரத்தடியில் தன் பெண்சாதியும், அவள் காதோரம் குனிந்த ஓர் ஆண்பிள்ளையும் அவர் கண்ணில் பட்டார்கள். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடந்தார்.

நான் ஓடிப்போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். “நைனா, அம்மாவுக்குக் காது கேக்கல நைனா!”

“இன்னா சொல்ற? வுடு கைய.”

“கேக்கல நைனா. ரொம்ப நாளாவே கேக்கல.”

அவர் என்னை இழுத்துக்கொண்டே நாலு எட்டு நடந்தார். பெஞ்சிலிருந்து பத்தடியில் நின்றார்.

“இந்தாமே,” என்றார்.

ஐயரம்மா திரும்பினார்கள். கீர்த்தனைக்காரர் தலையைத் தூக்கினார்.

“இந்தாமே!” இந்தத் தடவை பந்தலில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

அம்மா திரும்பவில்லை. பாட்டு ஏன் நின்றது என்று தெரியாமல் கீர்த்தனைக்காரரை நிமிர்ந்து பார்த்து, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள்: “நிறுத்தாதீங்கய்யா. இன்னும் ஒரு சரணம் இருக்குதே.”

நைனாவின் கை என் கைக்குள் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் தினம் எத்தனையோ பேர் காதுக்கு மருந்து விடுகிற மனுஷன். கரியோடு கரியாக அவர் கன்னத்தில் கோடு இறங்கியது. கீர்த்தனைக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்பதுபோல நின்றார்.

“பாடுங்கய்யா,” என்றார் நைனா.

அந்தச் சரணம் முடிகிறவரை நைனா அங்கேயே நின்றார். பிறகு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவுக்கு எதிரே நின்றார். அம்மா பதறி எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். நைனா மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, “சோறு துன்னியா?” என்று கேட்டார்.

அம்மா அவர் வாயைப் படித்துவிட்டு, துன்னேன் என்று தலையாட்டினாள்.

சாயங்கால ரயிலில் கூட்டம் இல்லை. நைனா எங்களுக்கு எதிர்ப்பக்கம், அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். எத்தனை நாளாய் என்று கேட்டார். மூன்று வருஷம் என்றாள் அம்மா. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னா கிளாஸப் புடுங்கிக்குவாங்க. பசங்க எதிர்ல உக்காந்துதான் படிக்குதுங்க, வாயப் பாத்தே சமாளிச்சிக்கினு இருந்தேன்.”

“என்கிட்ட சொல்லலாமில்ல?”

அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்க கம்பவுண்டராச்சே. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் கட்டிக்கினவ செவுடாயிட்டாளேன்னு கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

நைனா ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பியவர், அப்படித் திரும்பினால் அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, மறுபடியும் அவள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். “தெரியாது,” என்றார். “சத்தியமா எனக்குத் தெரியாது.” நான் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டேன். பாயில் நான் நகர்ந்து உட்கார்ந்ததைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, அப்புறம் எந்நாளும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் பார்த்தார். உள்ளே எலும்பு இறுகிவருகிறது, செய்ய ஒன்றும் இல்லை என்றார். பள்ளிக்கூடம் திறந்ததும் நைனாவே போய்ப் பெரிய டீச்சரிடம் சொன்னார். பெரிய டீச்சர் அன்றைக்குக் குடையில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு எதிரே நின்று, “தப்பா நெனச்சிட்டேன் டீச்சர்,” என்றார்கள். ஆனாலும் அம்மா பயந்தபடியே வகுப்பு போய்விட்டது. தையல் அறையைக் கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மணியடித்ததும் தையல் அறை வாசலுக்கு ஓடிவருவார்கள். அவள் ஊசியை வைத்துவிட்டுப் பாடுவாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் இடது காதில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

கோயிலில் பாடுவதை மட்டும் அவள் விடவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். நைனா எப்போதும் பின்வரிசைக்காரர். அவர் முன்னால் வந்து, நடைபாதையோரம் இடம்பிடித்து, பீடத்தைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். அவர் வாயைப் பார்த்து அம்மா எந்தச் சரணம், எந்த வரி என்று தெரிந்துகொள்வாள். ஆனால் சுருதி வாயில் தெரியாதே. போகப்போக அம்மாவின் குரல் கோயில் ஆர்கனின் சுருதியை விட்டு இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் எங்கே இறங்கினாளோ அங்கே நைனாவும் இறங்கிப் பாடினார். வீட்டில் சவரம் செய்யும்போது அவர் முனகுகிற பாட்டைக் கேட்டிருக்கிறேன், இம்மி பிசகாது. கோயிலில் மட்டும் கட்டைக்குரலில், ஊருக்கே கேட்கும்படி, ஆர்கனுக்கு ஒட்டாமல் பாடுவார். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் பாடினார். கம்பவுண்டருக்குச் சங்கீத ஞானம் கிடையாது என்று சபையே சொல்லிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுத் தலைவர் பொறுக்கமுடியாமல் படிக்கட்டில் அவரை நிறுத்தினார். “அண்ணே, கோவிச்சிக்காதீங்க. கொஞ்சம் சுருதியோட பாடக்கூடாதா? இல்லாட்டி மெதுவாவது பாடுங்க.”

நைனா செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். “எனக்கு அவ்ளோதான் தம்பி வரும்,” என்றார்.